யாருடைய வருடம் வீணாகிறது?

அன்புள்ள ஐயா,

பள்ளி சொல்லும் கெடு தேதிக்கு நான்கு நாள் முன்பு என் மகளுக்கு ஐந்து வயது முடிகிறது. அதனால் இந்த வருடமே முதல் வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார்கள். சேர்த்தால் வகுப்பிலேயே அவள்தான் இளையவள். நூறு வரை எண்ணுவாள், எழுத்துகள் எல்லாம் தெரியும். புது ஆட்களைக் கண்டால் மட்டும் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். நிறுத்தி வைத்தால் ஒரு வருடம் வீண் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?

ஓர் அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

போன மாதம் என் பேரன் கீழே விழுந்து மணிக்கட்டில் அடிபட்டுக்கொண்டான். நாலரை வயது. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டியபோது திடுக்கிட்டேன். பெரியவர்கள் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. அவன் படத்தில் நான்குதான் தெரிந்தன. மீதி இடம் வெறுமை. பயப்படாதீர்கள், அங்கே இருப்பது குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது, மெல்ல மெல்லத்தான் எலும்பாகும் என்றார். அன்றிலிருந்து என் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

என்னை வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்தார்கள். வகுப்பில் நான்தான் சின்னவன். பென்சிலை அழுத்தினால் முனை உடையும், அழுத்தாவிட்டால் எழுத்தே விழாது. அடிக்கடி ஸ்கேலால் விரல் முட்டியில் அடி விழும். எலும்பு முற்றாததால்தான் எழுத வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணும் விரலும் மூளையும் சேர்ந்து பழக வேண்டிய வேலை அது. ஆனால் பக்கத்துப் பையனுக்கு அது வந்தது. அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மக்கு என்றுதான் சொன்னார்கள். பதின்மூன்று வயதுவரை அதை நம்பினேன்.

முப்பது வயதுக்காரருக்கும் முப்பத்தொன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஐந்து வயதில் பதினோரு மாதம் என்பது, அந்தக் குழந்தை இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு இடைவெளி உள்ள இருவரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே தாளைக் கொடுத்து, ஒருத்தி கெட்டிக்காரி, இன்னொருத்தி மந்தம் என்கிறோம். வகுப்பில் இளைய குழந்தைகளுக்குக் கவனக்குறைபாடு இருப்பதாக முத்திரை விழுவது அதிகம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இருந்த ஒரே குறை பிறந்த மாதம்தான்.

மதிப்பெண்ணில் தெரியும் இந்த இடைவெளி வகுப்பு ஏற ஏறக் குறையும், உண்மைதான். 'நான் மக்கு' என்று மனதில் பதிந்தது அதே வேகத்தில் குறைவதில்லை.

ஒரு வருடம் வீண் என்கிறார் உங்கள் கணவர். யாருடைய வருடம் ஐயா அது? மண்ணில் விளையாடி, கேள்வி கேட்டு, கதை கேட்டு வளரும் வருடம் எப்படி வீணாகும்? பின்லாந்தில் குழந்தைகள் ஏழு வயதில்தான் முதல் வகுப்புக்குப் போகிறார்கள். நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினொரு வயது வாக்கில் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. அவசரப்படுவது குழந்தை அல்ல, நாம்தான்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சீக்கிரம் சேர்க்கும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நிலைமை வேறு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

நூறு வரை எண்ணுவதை விடுங்கள், அது மனப்பாடம். புது ஆளைக் கண்டு ஒளிகிறாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்களே, அதுதான் முக்கியம். ஒன்றுக்கு வருகிறது, தண்ணீர் வேண்டும், அவன் என்னை அடிக்கிறான் என்று அறிமுகமில்லாத ஒரு பெரியவரிடம் அவளால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் இந்த வருடம் வேண்டாம்.

அப்புறம், முடிவெடுக்கும் முன் பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த வருடம் வந்தால் முதல் வகுப்பிலேயே சேர்ப்பார்களா, அல்லது வயதைக் காட்டி நேரே இரண்டாம் வகுப்பில் தள்ளிவிடுவார்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.