அப்பா சொல்லும் படம் 1979-இல் வந்தது

வங்கியைக் கொள்ளையடிக்கும் கிழவர்கள் படத்தில் சாகிறார்கள் என்று அப்பா சொல்கிறார், நான் பார்த்ததில் யாரும் சாகவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பா சொல்வதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. மூன்று கிழவர்கள் வங்கியைக் கொள்ளையடிக்கும் ‘கோயிங் இன் ஸ்டைல்’ இரண்டு முறை எடுக்கப்பட்டது. மார்கன் ஃப்ரீமன், மைக்கேல் கெய்ன், ஆலன் ஆர்கின் நடித்து, யாரும் சாகாமல் கல்யாண விருந்தோடு முடிவது 2017 படம். அப்பா பார்த்தது 1979-இல் மார்ட்டின் பிரெஸ்ட் எடுத்த மூலப் படம். ஜார்ஜ் பர்ன்ஸ், ஆர்ட் கார்னி, லீ ஸ்ட்ராஸ்பெர்க் நடித்தது.

அப்பா பார்த்தது பழையதுதானா என்று உறுதி செய்ய, கொள்ளையின்போது போட்ட மாறுவேடம் என்ன என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பழையதில் பெரிய மூக்கும் மீசையும் ஒட்டிய விளையாட்டுக் கண்ணாடிதான் மாறுவேடம்.

புதியதில் ஓய்வூதியம் பறிபோன கோபம் கொள்ளைக்குக் காரணம். பழையதில் பெரிய காரணமே இல்லை. கிடைக்கிற உதவித்தொகையில் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறார்கள், பகலெல்லாம் பூங்கா பெஞ்ச். சலிப்புதான் அவர்களை வங்கிக்கு அனுப்புகிறது. எனக்கு அதுதான் இன்னும் உண்மையாகப் படுகிறது. பர்ன்ஸ் தனியாக உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் புரட்டும்போது, தன்னையறியாமல் பேன்ட்டிலேயே சிறுநீர் போய்விடும். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

அப்பாவின் நண்பர் போன மாதம்தான் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய படத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்துச் சாகிறார்கள். அவரே கேட்கிறார் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் தனியாகப் பார்க்க விடாதீர்கள். தேடும்போது 1979 என்ற ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் புதியதுதான் வந்து நிற்கும்.