செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கேமராவுக்குக் கடையில் விற்கும் சிப் போதாதா?

போதாது. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு மீன் கிடைக்கும் இடம் பற்றி வரும் தகவலுக்குப் பின்னால், கடல் மேற்பரப்பின் வெப்பத்தை வானிலிருந்து அளக்கும் இந்தக் கேமராக்களும் உண்டு. கடைச் சிப்கள் சிலிக்கானால் ஆனவை; சுமார் 1.1 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட அலைநீள ஒளிக்கு சிலிக்கான் குருடு. அதனால் பாதரசம், காட்மியம், டெலூரியம் கலந்த படிகத்தில் உணரியைச் செய்து, இண்டியம் பொட்டுகளால் அதன் சமிக்ஞையைப் படிக்கும் சிலிக்கான் வாசிப்புச் சிப்போடு ஒட்டுகிறார்கள்.

நம்ம தெருவில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புச் சிப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும், ஒளி பட்டு வரும் எலக்ட்ரான்களைச் சேர்க்க ஒரு குட்டி மின்தேக்கி; அதுதான் குடம். குடம் சிறிதானால் வழியும். ரொம்பப் பெரிதானால் மங்கலான சமிக்ஞை இரைச்சலில் தொலையும். எதைப் பார்க்கப் போகிறோமோ அதற்கேற்ப அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும்.

அப்புறம் குளிர். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் சில சிப்கள் சுமார் 40 கெல்வினில், அதாவது மைனஸ் 233 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடுகின்றன. விண்வெளிக் கதிர்வீச்சின் தொல்லை வேறு.