பத்தாவது புத்தகத்தின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: துப்பறியும் நாவல் வரிசை எதை எடுத்தாலும் முதல் நாலைந்து புத்தகம் விறுவிறு என்று போகிறது. பத்தைத் தாண்டினால் சப்பென்று ஆகிவிடுகிறது. எழுதுகிறவர்கள் பத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் பேச்சைக் கேட்டு ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி பேனாவை மூடியிருந்தால் 1936இல் வந்த ‘ஏபிசி மர்டர்ஸ்’ கிடையாது, மறுவருடம் வந்த ‘டெத் ஆன் தி நைல்’ கிடையாது. அவருடைய துப்பறிவாளர் பொய்ரோ வருகிற நாவல்களில் இரண்டுமே பத்துக்குப் பிறகு வந்தவை. அதே வரிசையின் நாலாவது நாவலான ‘தி பிக் ஃபோர்’ (1927) தொய்ந்து கிடக்கும். அம்மாவைப் பறிகொடுத்து, கணவரும் விலகிப்போன நேரத்தில், ஏற்கெனவே பத்திரிகையில் வந்த சிறுகதைகளை ஒட்டுப்போட்டு உண்டாக்கிய புத்தகம் அது.

இன்னொன்றும் பாருங்கள். பொய்ரோவின் கடைசிக் கதை ‘கர்ட்டன்’ 1975இல் வெளிவந்தது. கிறிஸ்டி அதை எழுதியதோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். 1972இல் வந்த ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ எண்பதைத் தாண்டிய வயதில் எழுதியது. பாத்திரங்களின் வயதுக் கணக்கே அதில் இடத்துக்கு இடம் உதைக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பின்னால் வந்த புத்தகத்தில்தான் தெம்பு இருக்கிறது. தளர்ந்தது எழுதிய கை, பொய்ரோ இல்லை.

நீங்கள் நம்மூர் மாத நாவல்களை மனதில் வைத்துக் கேட்டிருக்கலாம். அங்கே கதையைக் கெடுத்தது தேதி. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஓசூர் பஸ் ஏறும்போது ஒன்று வாங்கினால் கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டிருப்பான். நாம் படித்த வேகத்துக்கு ஈடுகொடுத்து அவர்களும் எழுத வேண்டியிருந்தது. எழுதியதை நாலு நாள் ஆறப்போட்டுத் திருப்பிப் பார்க்க அவகாசம் எங்கே? ‘அடுத்த மாதமும் அதே ஹீரோ வரட்டும்’ என்று நெருக்கியது எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள். அந்தக் குற்றத்தை எழுத்தாளர் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

நீண்டதால் செழித்த வரிசையும் நம்மிடமே இருக்கிறது. சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ தொடரில் வந்தபோது தனி ஆள். ஜூனியர் வசந்த் பிற்பாடு வந்து சேர்ந்தவர். அந்தத் துடுக்கு வாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கணேஷின் நிதானம் நமக்குப் புரிந்தது. முதல் கதையோடு நிறுத்தியிருந்தால் அந்த ஜோடியே இல்லை.

பத்தோடு நிறுத்தியவர்களும் உண்டு. ஸ்வீடனில் மாய் ஷோவால், பேர் வாலூ இருவரும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். பத்தும் சேர்ந்து ஒரே பெரிய கதை என்பது முதலிலேயே போட்ட திட்டம். சரக்கு தீர்ந்து நிறுத்தவில்லை.

பள்ளிக்கூட நாளில் வாடகை நூல் நிலையத்தில் எடுத்த ஒரு நாவலின் முதல் பக்கத்திலேயே, யாரோ பச்சை மையில் கொலையாளியின் பெயரை எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொடுத்த காசு வீணாகிறதே என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். கீழே வைக்க முடியவில்லை. இழவு வீட்டுக்குள் நுழைகிற துப்பறிவாளர் முதலில் எதைப் பார்க்கிறார், அழுதுகொண்டிருக்கும் சமையற்காரம்மாவிடம் எப்படிக் குரலைத் தணிக்கிறார் என்று அவர் பின்னாலேயே போனேன். அன்றிலிருந்து எந்த வரிசைக்கும் எனக்கு அதுதான் உரைகல்.

நீங்கள் பாதியில் போட்ட புத்தகத்தை மறுபடி எடுங்கள். கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள். அந்தத் துப்பறிவாளருக்காக முப்பது பக்கமாவது படிக்க முடிந்தால் அடுத்ததையும் வாங்குங்கள். முடியவில்லை என்றால் அது இரண்டாவது புத்தகமாக இருந்தாலும் சரி, அந்த வரிசையை விட்டுவிடுங்கள்.