டெர்மினலில் கோப்புகளைக் கையாளுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டெர்மினல் என்பது மவுஸுக்குப் பதில் கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் சாளரம். கட்டளைகளை எழுத்தின் உச்சரிப்பிலேயே தமிழில் தந்திருக்கிறேன். எல்எஸ் என்றால் விசைப்பலகையில் அந்த இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். பதில்கள் லினக்ஸுக்கானவை. மேக்கிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

டெர்மினலைத் திறந்ததும் பயம் வருகிறது. முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பிடபிள்யூடி, எல்எஸ், சிடி. நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று முதலாவது சொல்லும். அங்கே என்னென்ன இருக்கின்றன என்று இரண்டாவது காட்டும். சிடி போட்டு, இடைவெளி விட்டு ஃபோல்டர் பெயரைத் தந்தால் உள்ளே போகலாம். பெயருக்குப் பதில் இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே வரலாம். வழி தெரியாமல் போனால் வெறும் சிடி போதும், உங்கள் சொந்த ஃபோல்டருக்கே வந்துவிடுவீர்கள். இந்த மூன்றும் எந்தக் கோப்பையும் தொடாது. ஒரு வாரம் சும்மா சுற்றிப் பாருங்கள், பயம் தானாகப் போய்விடும்.

சிபி போட்டு நகலெடுத்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. வேலை நடந்ததா?

நடந்தது. தவறு நேர்ந்தால் மட்டுமே பேசுவது, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதைத் தொடங்கியபோது எதிரே திரை கிடையாது. காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரம்தான் இருந்தது. அந்தக் காலத்து மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகள்தான் அடிக்கும். கட்டளைகள் இரண்டெழுத்தில் நிற்பதும், வெற்றியைச் சொல்லாமல் விடுவதும் அந்தச் சூழலுக்குப் பொருத்தமாக இருந்தன. சந்தேகம் என்றால் எல்எஸ் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. போகிற இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் சிபியும், இடம் மாற்றும் எம்வியும் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். கட்டளைக்குப் பின்னால் இடைவெளி விட்டு ஹைபன் ஐ சேர்த்தால் கேட்டுவிட்டுத்தான் எழுதும்.

ஆர்எம் போட்டு அழித்த படங்கள் குப்பைத்தொட்டியில் இல்லையே. மீட்க முடியுமா?

ஆர்எம் குப்பைத்தொட்டிக்கு எதையும் அனுப்பாது. நேராக நீக்கிவிடும். வேறெங்காவது நகல் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் அந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாமல் உடனே நிறுத்திவிட்டு, மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இதே வேதனையை நானும் பட்டிருக்கிறேன். ஜேபெக் படங்களை மட்டும் அழிக்க ஆர்எம், நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி என்று அடிக்க வேண்டிய இடத்தில், நட்சத்திரத்துக்குப் பின் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. நட்சத்திரம் என்றால் ‘எல்லாம்’. அந்த ஃபோல்டரில் இருந்த கோப்புகள் அத்தனையும் போயின. அவற்றில் என் அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தவையும் இருந்தன.

அதற்குப் பிறகு இன்றுவரை விடாத பழக்கம் இது: அழிக்க நினைப்பதை முதலில் எல்எஸ் போட்டுப் பார்ப்பேன். திரையில் வரும் பட்டியல் சரி என்றால், மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியை மறுபடி வரவழைத்து, எல்எஸ் இருந்த இடத்தில் மட்டும் ஆர்எம் என்று மாற்றுவேன். மற்றதில் கை வைப்பதில்லை. தயவுசெய்து இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கோப்பு கண்முன்னே இருக்கிறது. ஆனால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறதே?

பெயரில் இடைவெளி இருக்கலாம். அப்போது டெர்மினல் அதை இரண்டு பெயர்களாகப் படிக்கும். முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு என்பதையும் கவனியுங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து டேப் விசை. முதல் சில எழுத்துகளை அடித்து டேப்பைத் தட்டினால் மீதியை அதுவே சரியாக நிரப்பும்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. சில டெர்மினல்களில் எழுத்து உடைந்து தெரியும், ஆனால் பெயர் கெடாது. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிகள்தான் கொள்ளும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. ‘கோப்பு’ என்பதே 6 குறிகள், 18 பைட்.

இன்னொரு நுணுக்கம். ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். தேடிக் கிடைக்காவிட்டால் ‘க’ மட்டும் அடித்து டேப்பைத் தட்டுங்கள்.

என்னிடம் விண்டோஸ்தான் இருக்கிறது.

அதிலேயே இருக்கும் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறங்கள். மேலே சொன்ன கட்டளைப் பெயர்கள் எல்லாம் அதற்கும் புரியும். ஹைபனோடு வரும் சேர்க்கைகள் அப்படியே பொருந்தாது. முழு லினக்ஸே வேண்டுமென்றால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியை நிறுவிக்கொள்ளலாம்.