இலை மட்டும் தருகிற பியோனி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பியோனிப் பூச்செடி நட்டு நாலு வருடம் ஆகிறது. செடி பச்சைப்பசேலென்று புதராக நிற்கிறது, ஆனால் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: முதல் வேலையாக உரத்தை நிறுத்துங்கள். இலை இவ்வளவு செழிப்பாக இருக்கிற செடிக்குப் பசி இல்லை. நைட்ரஜன் கூடினால் அது இன்னும் இலைதான் போடும். பக்கத்தில் இருக்கிற புல்தரைக்குப் போடும் உரம் வழிந்து வந்தாலும் இதே கதைதான்.

என் சந்தேகம் எல்லாம் நட்ட ஆழத்தின் மேல். பியோனிக் கிழங்கின் தலைப்பகுதியில் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன முளைகள் இருக்கும், உருளைக்கிழங்கில் சொல்வது போல அவற்றையும் கண் என்றே சொல்லலாம். அந்தக் கண்ணுக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் மண்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் செடி சாகாது, வளரும், ஆனால் பூக்காது. சரியான ஆழத்தில் நட்டவர்கள்கூட வருடா வருடம் தொழு உரத்தையும் மூடாக்கையும் தலைமேலேயே கொட்டி, தெரியாமலே அதை ஆழத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கையால் மண்ணை மெதுவாக விலக்கி அளந்து பாருங்கள். மேலே குவிந்தது மட்டும்தான் என்றால் வழித்து எடுத்துவிட்டால் போதும். கிழங்கே ஆழத்தில் இருந்தால் இலையுதிர் காலம் வரை பொறுத்திருந்து, தோண்டி எடுத்து உயர்த்தி நடுங்கள்.

ஆழம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நட்டபோது வெயிலாக இருந்த இடம், பக்கத்து மரம் வளர்ந்ததில் நிழலாகியிருக்கலாம். பூக்காலம் முடிந்ததும் செடியை மொத்தமாக வெட்டிவிடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அடுத்த வருட மொட்டுக்கான சத்தைக் கோடை முழுவதும் சேர்ப்பது அந்த இலைகள்தான். தோண்டிப் பிரித்து நட்டபின் இரண்டு மூன்று வருடம் பூக்காமல் இருப்பது சகஜம், அதனால் வருடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பூவைப் பார்க்கவே மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் குளிர்காலமே கிடையாது. தொட்டியில் வைத்து, வேரில் ஐஸ் கட்டி போட்டு வளர்க்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பியோனி தூங்கி எழுந்து பூக்க, 5 டிகிரிக்குக் கீழே பல வாரம் இருந்தாக வேண்டும். நாலு ஐஸ் கட்டி கொஞ்ச நேரத்தில் உருகிவிடும், மிச்சம் ஈரம்தான், அந்த ஈரத்தில் கிழங்கு அழுகும். குளிர் கொஞ்சமாவது உண்டு என்கிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் வழி இருக்கிறது: சீக்கிரம் பூக்கிற, இதழ் அடுக்கு குறைவான ரகமாகப் பார்த்து, இன்னும் மேலாக, கண்ணுக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மண்ணே இருக்கும்படி நடுங்கள். உங்களுக்கு அதுவும் இல்லையென்றால் ரோஜாவே உத்தமம்.

கேள்வி: மொட்டெல்லாம் எறும்பு. மருந்து அடிக்கவா? எறும்பு இருந்தால்தான் மொட்டு விரியும் என்றும் சொல்கிறார்களே.

பதில்: இரண்டும் வேண்டாத கவலை. மொட்டின் வெளியிதழில் சுரக்கும் தேனுக்காக வருகிறது, குடித்துவிட்டுப் போகிறது. எறும்பு இல்லாவிட்டாலும் மொட்டு விரியும்.

கேள்வி: மொட்டு பட்டாணி அளவுக்கு வந்ததும் கறுத்துக் காய்ந்துவிடுகிறது. சில தண்டுகள் அடியிலிருந்தே சாய்கின்றன.

பதில்: தண்டும் சாய்கிறது என்பதால் சாம்பல் பூஞ்சை நோய் என்றே படுகிறது. வசந்தம் குளிரும் மழையுமாக இருக்கிற வருடங்களில் இது அதிகம். (மொட்டு மட்டும் கருகியிருந்தால் தாமதமாக வந்த உறைபனியைச் சந்தேகப்படலாம்.) நோய் பட்ட தண்டை அடியோடு வெட்டி வெளியே போடுங்கள், மக்குக் குழியில் போட்டால் நோயையும் சேர்த்து வளர்ப்பதாகும். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் விடுங்கள், புதருக்குப் புதர் காற்றோட இடம் கொடுங்கள். அப்புறம் இலையுதிர் காலத்தில் காய்ந்த தண்டு, இலை ஒன்றுவிடாமல் அள்ளிவிடுங்கள், பூஞ்சை அடுத்த வருடம் வரை பதுங்கியிருப்பது அந்தக் குப்பையில்தான்.

கேள்வி: மரப் பியோனியையும் அப்படி அடியோடு வெட்டலாமா?

பதில்: கூடவே கூடாது! அதன் கட்டைத் தண்டு குளிர்காலத்திலும் உயிரோடு இருக்கிறது, மொட்டு வருவதும் அதிலிருந்துதான். காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். நடும் ஆழமும் இதற்கு நேர்மாறு, ஒட்டுப் போட்ட இடம் 10 முதல் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும். சாதாரணப் பியோனி, மரப் பியோனி இரண்டையும் கலந்து உண்டானதுதான் இட்டோ பியோனி. 1948-இல் ஜப்பானியரான தோயிச்சி இட்டோ இந்தக் கலப்பில் ஜெயித்தார், ஆனால் அந்தச் செடிகள் பூப்பதற்குள் மனிதர் காலமாகிவிட்டார். ஒரு பருவம் பூக்கவில்லை என்று கிழங்கைப் பிடுங்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

கேள்வி: ஜாடியில் வைக்க எப்போது பறிப்பது?

பதில்: நிறம் தெரிந்த மொட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், கல்லாக இருந்தால் விடுங்கள், மெத்தென்று அமுங்கினால் காலையிலேயே வெட்டுங்கள். செடியில் மிஞ்சும் தண்டில் இரண்டு மூன்று இலையாவது இருக்கட்டும். உடனே வேண்டாம் என்றால் தண்ணீரில் வைக்காமல் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் படுக்க வையுங்கள், இரண்டு மூன்று வாரம் தாங்கும், பக்கத்தில் பழம் மட்டும் வைக்காதீர்கள்.