ரேஸ் டிரைவர் அணி முதலாளி ஆவது எப்படி?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை அசராமல் ஓட்டும் சேலத்துக்காரர், பிற்காலத்தில் பந்தய அணி நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். (மலையில் மட்டும் வேகம் பழகாதீர்கள், எதிரே பஸ் வரும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது.)

ஸ்காட்லாந்து ரேஸ் டிரைவர் டாம் வாக்கின்ஷா, ஓட்டுவதை விடும்வரை முதலாளி ஆகக் காத்திருக்கவில்லை. 1976-லேயே டிடபிள்யூஆர் (டாம் வாக்கின்ஷா ரேஸிங்) என்ற பந்தய நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். 1984-ல் ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ் காரில் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வென்றபோது ஓட்டுநரும் அவரே, அணித் தலைவரும் அவரே. கார் கம்பெனிக்காகப் பந்தயத்தை நடத்திக் கொடுப்பதுதான் அவர் கையில் எடுத்த தொழில். 1988-லும் 1990-லும் ஜாகுவாருக்கு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தய வெற்றி அப்படி வந்தது. 1996-ல் ஆரோஸ் ஃபார்முலா 1 அணியை வாங்கினார். 2002-ல் பண நெருக்கடியில் அது நின்றுபோனது.