காலி மனையில் கூட்டுக் காய்கறித் தோட்டம்: எதிலிருந்து தொடங்குவது?

கேட்டிருப்பது இதுதான்: நகரத்தில், தெருவில் பல வருடமாகச் சும்மா கிடக்கும் ஒரு மனையில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து காய்கறி போட நினைக்கிறார்கள், எதிலிருந்து தொடங்குவது, தோட்டத்தில் இறங்கி வேலை செய்ய நேரமில்லாதவர்கள் எப்படி உதவுவது.

விதை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இடம் யாருடையது என்று கண்டுபிடித்து, எத்தனை வருடத்துக்கு, திருப்பிக் கேட்டால் எத்தனை மாத அவகாசம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இப்படிப்பட்ட தோட்டங்களில் பல வருடமாக வேலை செய்கிறேன், பூச்சி அரித்து ஒரு தோட்டம் மொத்தமாகப் போனதை நான் பார்த்ததில்லை. நிலத்தையும் தண்ணீரையும் பற்றி ஆரம்பத்தில் பேசி முடிக்காததால் போனவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். "சும்மாதானே கிடக்கு, போட்டுக்கோங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்ன உரிமையாளர், இடத்துக்கு விலை ஏறியதும் அதே பேச்சில் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்பவரும் நண்பர்களும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மூலை மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். மறு வருடமே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்கிவிட்டார்கள், அந்தத் தோட்டம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 14 ஏக்கரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பத்து வருடத்துக்கு மேல் பயிர் செய்த சவுத் சென்ட்ரல் பண்ணையின் கதை வேறு. நிலத்தை நகரம் விற்றுவிட்டது, 2006-ல் எல்லோரையும் வெளியேற்றி புல்டோசர் விட்டார்கள். அங்கே உழைப்புக்கா குறை? நிலத்தின் மீது அவர்களுக்கு நிலையான உரிமை இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் காகித வேலையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது மண். நகரத்துக் காலி மனையில் முன்பு என்ன இருந்தது என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க், பெயிண்ட் குடோன், இடித்த பழைய வீடு என்று ஏதாவது இருந்திருந்தால் மண்ணில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயம் கலந்த பெயிண்டும் பெட்ரோலும் புழக்கத்தில் இருந்த காலத்தில் மண்ணில் இறங்கியது லேசில் போகாது, அதுவும் குழந்தைகள் கை வைத்து விளையாடும் இடம் இது. மனையில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரு சீவல் மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினால் போதும். பழைய சுவரை ஒட்டிய மண்ணைத் தனியாக எடுங்கள், பெயிண்ட் உதிர்வது அங்கேதான். ஒன்றை மறக்க வேண்டாம்: வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தும் கார அமிலத் தன்மையும்தான் பார்ப்பார்கள், ஈயம் போன்ற கன உலோகங்களைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வைக்க வேண்டும்.

மண் சரியில்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். தரையில் கெட்டியான தடுப்புத் துணி விரித்து, அதன்மேல் ஒரு அடிக்காவது வெளியிலிருந்து நல்ல மண்ணும் மக்கிய உரமும் கொட்டி மேட்டுப்பாத்தி போடலாம். பாத்திக்கு ஓரம் கட்டப் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை வேண்டவே வேண்டாம், அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் நஞ்சு. அகலம் நாலு அடிக்கு மேல் போகக்கூடாது, இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். நடைபாதை மூன்று அடி விட்டால் சக்கர நாற்காலியும் போகும்.

வெயில் ஆறு மணி நேரம் விழுந்தால் போதும். தண்ணீர்தான் பெரிய விஷயம். குழாய் எங்கே, ஹோஸ் கடைசிப் பாத்தி வரை எட்டுமா, பில் யார் கட்டுவது? பக்கத்து வீட்டுக் குழாயை நம்பித் தொடங்கினால் கோடையில் அவருக்கே தண்ணீர் போதாமல் போகும்போது நமக்குக் கேட்க வாய் வராது. மூடாக்கு கட்டாயம் போடுங்கள், காய்ந்த இலை இரண்டு அங்குலம் கனத்துக்கு இருந்தாலே ஈரம் நிற்கிறது. முறைவைத்துத் தண்ணீர் விடும் இடத்தில் ஒரே பாத்திக்கு மூன்று பேர் விடுவார்கள், ஓரத்துப் பாத்தி வாடிக் கிடக்கும். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, விட்டவர் பெயர், தேதி, பாத்தி எண் எழுதச் சொன்னால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்புறம், எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். மேல் மண் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஆட்கள் விஷயத்தில் ஒரே ஒரு முடிவு எடுத்தால் போதும்: ஆளுக்கொரு பாத்தியா, எல்லாம் பொதுவா? என் விருப்பம், தனிப் பாத்தியோடு சேர்த்துக் கட்டாயப் பொதுவேலை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1973 முதல் நடக்கும் பி-பேட்ச் என்ற கூட்டுத் தோட்டத் திட்டத்தில், பாத்தி வாங்குகிறவர்கள் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பொதுவேலை செய்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முழுக்கப் பொது என்றால் களை பிடுங்குவது எப்போதும் அதே நாலு பேர் தலையில் விழும், அவர்கள் ஒரு நாள் சலித்துப்போய் வராமல் நின்றுவிடுவார்கள். அது வருத்தமான விஷயம், ஏனென்றால் போகிறவர்கள்தான் அந்தத் தோட்டத்தை அதிகம் நேசித்தவர்கள்.

காய் பறிபோவதை எல்லோரும் கேட்கிறார்கள். வேலியை ஒட்டி ஒரு பாத்தியை "யார் வேண்டுமானாலும் பறிக்கலாம்" என்று எழுதி வைத்து விட்டுவிடுங்கள். இங்கிலாந்தின் டாட்மார்டன் என்ற சிற்றூரில் 2008-ல் தொடங்கிய இன்கிரெடிபிள் எடிபிள் குழு, காவல் நிலைய வாசலில்கூடக் காய்கறி போட்டு எவரும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது.

நேரமில்லாதவர்கள் செய்யக்கூடியது நிறைய. தொடக்க விழாவுக்கும் பேனருக்கும் பணம் எளிதில் வந்துவிடும், மூன்றாம் வருடம் ஹோஸ் கிழியும்போது யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பதைவிட, தண்ணீர் பில்லை மாதாமாதம் ஏற்றுக்கொள்ளுங்கள். வக்கீலாக இருந்தால் ஒப்பந்தத்தை எழுதிக் கொடுங்கள். வீட்டில் இடம் இருந்தால் மண்வெட்டி, களைக்கொத்து வைக்க ஒரு மூலை கொடுங்கள். ஒன்றுமே முடியாதவர்கள் காய்கறித் தோலைச் சேர்த்துக் கொடுத்தால் உரக்குழிக்கு ஆகும், சமைத்த உணவும் எண்ணெயும் மட்டும் கலக்காமல். குழியில் ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை போட்டால் நாற்றம் வராது, அக்கம்பக்கத்தில் சண்டையும் வராது.

அளவு? மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முதல் பருவத்துக்கு ஐந்தாறு பாத்தி போதும். சீக்கிரம் அறுவடைக்கு வரும் கீரையையும் முள்ளங்கியையும் முதலில் போடுங்கள், ஒரு மாதத்துக்குள் கைக்கு ஏதாவது வந்தால்தான் வேடிக்கை பார்க்கிறவர்கள் உள்ளே வருவார்கள். அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் கருத்தில் கேளுங்கள், நாங்கள் பயன்படுத்தும் மாதிரியைப் போடுகிறேன்.